இரைகிற வால்வு

என் மகளின் கிடார் ஆம்ப்ளிஃபயர் முதலில் லேசாக இரைந்தது. அப்புறம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பொரிந்தது. ஆடித் திருவிழாவில் அவள் மேடையேற இரண்டு நாள் இருக்கையில், அந்தப் பொரியலுக்கு அடியிலிருந்து ஒரு ஊளையும் கிளம்பியது.

அது வால்வு வைத்த பெட்டி. அந்தக் கால ரேடியோவில் இருந்ததே, உள்ளே செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டு, அதே மாதிரி கண்ணாடிக் குழல்கள். கட்டை விரல் அளவில் மூன்று சின்ன வால்வு, அவற்றை விடப் பருத்த இரண்டு பெரிய வால்வு. சென்னையில் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் விற்றதை மகள் வாங்கி வந்தாள். இந்தக் காலத்தில் ஏன் இந்தப் பழைய சாமான் என்று நான் கேட்டதற்கு, ஒரே கம்பியை இரண்டு விதமாக மீட்டிக் காட்டினாள். மெல்லத் தொட்டால் தண்ணீர் மாதிரி வந்தது, அழுத்தினால் கரகரத்துக்கொண்டு வந்தது. வேறு பெட்டியில் இது வராது என்றாள். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. தெரிந்துவிட்டதே என்று பயமாகவும் இருந்தது, இனி இதற்கு ஏதாவது ஆனால் நானும் சேர்ந்து கவலைப்பட வேண்டுமே.

மேடை வாய்ப்பு லேசில் வந்ததல்ல. பழவேற்காடு பஜாரில் இருக்கும் ஒரு பாய் கீபோர்டு வாசிப்பவர், சொந்தமாகக் கச்சேரிக் குழு வைத்திருக்கிறார். எங்கள் குப்பத்துக் கோயிலுக்கு வருஷா வருஷம் அவர் குழுதான். கல்லூரியில் மகள் வாசித்ததை யாரோ போனில் எடுத்ததைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். ஆனால் எங்கள் ஊரில் வயசுப் பெண் ஆர்க்கெஸ்ட்ராவில் நிற்பது புதுசு. ஊர்ப் பெரியவர்களிடம் என் வீட்டுக்காரர் பலமுறை போய்ப் பேசித்தான் சம்மதம் வாங்கினார். குப்பத்து முனையில் வைத்த பிளெக்ஸில் கடைசி வரிசையில் அவள் படமும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இந்த முறை அவள் ஏறாமல் போனால் அடுத்த முறை வாயைத் திறந்து கேட்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

பாய் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்தபோது பெட்டி தன் வேலையைக் காட்டியது. அவர் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பெட்டிப் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, வாசிப்பு மஜாவா கீது. ஆனா பொட்டி இன்னா, கருவாடு வறுக்குதா? திருவிழா அன்னிக்கு சாயங்காலம் மேடைல செக் பண்ணுவேன். அப்பவும் இந்தச் சத்தம் இருந்திச்சின்னா கிடார் பிட்ட நானே கீபோர்டுல வாசிச்சிக்கிறேன். கோச்சிக்கக் கூடாது."

கிடாரை நேராக மிக்ஸரில் செருகிப் பார்க்கவும் சொன்னார். செருகினாள். தகரத்தை ஆணியால் கீறின மாதிரி வந்தது. அவரே உதட்டைப் பிதுக்கி வேண்டாம் என்று கையாட்டிவிட்டார். சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டோம். கொண்டு வந்து வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எப்போது என்று கேட்டால், திருவிழாவுக்குள் முடியாது என்றார்கள். நாங்களே பிரிப்பது என்று முடிவானது அப்படித்தான்.

நான் பிஎஸ்ஸி இயற்பியல் படித்தவள். மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வால்வைப் பாடத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன், கையால் தொட்டதில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் ரயிலில் வரும் வழியெல்லாம் போனில் வால்வு பெட்டிகளைப் பற்றியே படித்துக்கொண்டு வந்தேன். இரைச்சலை விட ஆபத்தைப் பற்றித்தான் அதிகம் படித்தேன். என் சுபாவம் அது. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டன்சர்களில் கரண்ட் தேங்கி நிற்கும், அதைப் போக்காமல் கை வைக்கக் கூடாது. மறுநாள் காலையில் கூழ் ஊற்றுகிற மேளம் கேட்டுக்கொண்டிருக்க, கூடத்தில் பெட்ஷீட் விரித்து, பெட்டியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினோம். என் பயத்தை இரண்டு பேரிடமும் சொன்னேன். மகள் தலையாட்டினாள். என் வீட்டுக்காரர் சொம்பில் கூழோடு வந்து நின்றார்.

"பிளக்க எட்த்தாச்சு இல்ல? அப்புறம் இன்னாமே பயம்?"

"எட்த்தாலும் உள்ள நிக்கும்."

"வல தூக்கின அப்புறம் தண்ணி வடியற மாரியா?"

"வடியாது. அதான் பிரச்சனை."

இதைச் சொல்லிக்கொண்டே நான் சமையலறைக்குப் போனேன், குண்டு பல்பு ஒன்றை ஒயரோடு எடுத்து வர. கண்டன்சரை பல்பு வழியாகக் காலி செய்யலாம் என்று படித்திருந்தேன். அந்த இடைவெளியில் மகள், சாக்கெட் ஓரம் ஏதோ கறுப்பாக இருக்கிறதே என்று ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அதைச் சுரண்டப் போயிருக்கிறாள். கை நழுவி நுனி பக்கத்துக் கண்டன்சரின் காலுக்கும் பெட்டியின் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் விழுந்தது.

துப்பாக்கி மாதிரி ஒரே ஒரு வெடி. நான் திரும்பும்போது நீல வெளிச்சம் சுவரில் அடித்து மறைந்தது. பல்பு என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. மகள் பெட்ஷீட்டில் பின்னால் சரிந்து உட்கார்ந்திருந்தாள், பிளாஸ்டிக் பிடியை இறுக்கிப் பிடித்தபடி. ஸ்க்ரூ டிரைவர் நுனியில் ஒரு துண்டு உருகிக் காணாமல் போயிருந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடியைப் பிடித்திருந்ததால் ஆகவில்லை. அவள் விரலை நீட்டிச் சுரண்டியிருந்தால் என்பதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அன்றைக்கு நேரமில்லை. மறுநாளிலிருந்துதான் யோசிக்கிறேன், இதை எழுதுகிறபோதும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அந்த வெளிச்சம் சுவரில் அடிக்கும்.

அவள்தான் முதலில் பேசினாள். "காலியாயிடிச்சிம்மா." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என் வீட்டுக்காரர் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மகளின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இனி உள்ளே கை வைப்பது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கை வழியாக ஏறி நெஞ்சைக் கடந்து மறு கை வழியாக இறங்கும், அதனால் ஒரு கைதான் போக வேண்டும். சட்டைப் பையில் மறு கையை விட்டுக்கொள் என்று படித்திருந்தேன். சுடிதாரில் ஏது பை? என் இடது கையை முதுகோடு சேர்த்து என் துப்பட்டாவாலேயே மகள் கட்டினாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற திருடி மாதிரி இருப்பதாகச் சொல்லி ஒரு போட்டோவும் எடுத்தாள். வேறு பல்பு வைத்துக் கண்டன்சர்களைத் தொட்டுப் பார்த்தேன், எரியவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே கை விட்டேன்.

அந்தக் கறுப்பு என்ன என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஐந்து சாக்கெட்டின் துளைகளிலும் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. பெரிய வால்வுகளின் பக்கம் அது சூட்டில் வெந்து கரியாகியிருந்தது. பருமணல் கூட ஒட்டியிருந்தது. மகள் முகர்ந்து பார்த்தாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தோம்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா."

"இன்னா?"

"இது போட்டு எஞ்சின் கிரீசு."

"உப்புக் காத்துல அதுங்க காலு பூத்துப் போவுமேன்னு கொஞ்சூண்டு தொட்டு வெச்சேன். எஞ்சின் பிளக்குக்கு, பேட்டரிக்கு வெக்கறதில்ல? கரண்டு பாயற எடம் எல்லாம் ஒண்ணுதானே."

எங்கள் கரையில் கிரீஸ் வைக்காத உலோகம் கிடையாது. படகு எஞ்சினில் ஆரம்பித்து வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் வரை வைப்போம். வைக்காவிட்டால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் வெள்ளை பூத்து உதிரும். அவர் மகளின் பெட்டிக்கும் அந்த மரியாதையைச் செய்திருக்கிறார், அவள் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில், ஒவ்வொரு வால்வாக உருவி, ஒவ்வொரு காலுக்கும் பூசி, திரும்ப அதனதன் இடத்தில் வைத்து. அவ்வளவு கவனமாகச் செய்த தப்பு. மகள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பஜாரில் செல்போன் ரிப்பேர் கடையில் போர்டு கழுவ வைத்திருக்கும் ஸ்பிரிட்டை அவரே ஓடிப் போய் வாங்கி வந்தார். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒரு கையால் ஒவ்வொரு துளையாகத் துடைத்தேன். கரியைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். வால்வுகளின் கால்களை மகள் துடைத்து வெயிலில் காய வைத்தாள். எல்லாம் நன்றாகக் காய்ந்ததா என்று நான் மூன்று பேருக்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டேன். பெட்டியை மூடி முடுக்கி, சுவிட்சைப் போட்டோம். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மகள் வால்யூமைத் திருகினாள்.

பொரியல் போயிருந்தது. முழுசாகப் போயிருந்தது. நான் கட்டின கையோடு குதித்தேன். என் வீட்டுக்காரர் தன்னால்தான் சரியானது மாதிரி எங்களைப் பார்த்தார்.

வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். இரைச்சல் ஏறியது. இன்னும் ஏற்றினாள். ஊளை, அப்படியே, முன்பை விடத் தெளிவாக.

அதுவரை கிரீஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்திருந்தோம். மேளம் ஓய்ந்திருந்தது. வெயில் வாசலிலிருந்து நகர்ந்துவிட்டது. பாய் மேடைக்கு வர அதிக நேரமில்லை. மகள் கிடாரை உறையில் வைத்து ஜிப்பை இழுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம்தான் எனக்கு அன்றைக்கு ரொம்ப மோசமாகக் கேட்டது.

"ஜிப்ப மூடாத," என்றேன்.

ஒன்று படித்திருந்தேன், வால்வைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று. இரும்பு கூடாது. வலை பின்னுகிற மூங்கில் ஊசி ஒன்று ஜன்னலில் இருந்தது. வால்யூம் வைத்தபடி, பெட்டியின் பின்பக்கம் ஒரு கையால் அதன் நுனியை வைத்து வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினேன். பெரிய இரண்டும் பேசாமல் இருந்தன. சின்னதில் மூன்றாவதும் இரண்டாவதும் டொக், டொக் என்றன. முதலாவதைத் தட்டினேன். கோயில் மணியை விரலால் சுண்டின மாதிரி ஸ்பீக்கரில் ணங்கென்று எழுந்து, அடங்காமல் ஊளையாக நீண்டது.

சுவிட்சை அணைத்து, ஆற வைத்து, அந்த வால்வைத் துணியால் பிடித்து உருவிவிட்டு, அது இல்லாமலே சுவிட்சைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஊளையும் இரைச்சலும் இல்லை. கிடாரும் இல்லைதான், அது அந்த வால்வு வழியாகத்தானே போக வேண்டும். ஆனால் சங்கதி அந்த இடத்தில்தான் என்பது உறுதியாகிவிட்டது. எங்களிடம் மாற்று வால்வு கிடையாது.

மகள் இன்னொரு சந்தேகம் கிளப்பினாள். வால்வு கெட்டதா, சாக்கெட் கெட்டதா? சாக்கெட்டில் கிரீஸ் உள்ளே எங்காவது தங்கியிருந்து, அதனால் அந்த இடத்தில் எதை வைத்தாலும் இரைந்தால்?

இதற்கு விடை எங்கள் வாசலிலேயே கத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஏரியில் இறால் பிடிக்கிற இடங்கள் யாருக்கும் சொந்தமில்லை. பாடு என்று முறை வைத்து மாற்றிக்கொள்வோம். இன்றைக்கு இந்தத் துறை உனக்கு, நாளைக்கு எனக்கு, முகத்துவாரத்தை ஒட்டின நல்ல இடமும் சுற்றி வரும், சேறு நிறைந்த மட்டமான இடமும் சுற்றி வரும். அன்றைக்குத் திருவிழா ஓய்வு, மறுநாள் பாடு யாருக்கு எங்கே என்று வாசலில் என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வழக்கம் போல இடத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர் அவரை மடக்கினார்.

"போன மொற நல்ல எடத்துல போட்டியே, அப்ப இன்னாத்த வாரின? உன் வலைய எங்க போட்டாலும் அதேதான்டா. அதே எடத்துல மறுநாள் நான் கூட கூடயா வாரல?"

நான் மகளைப் பார்த்தேன். அவளும் கேட்டிருந்தாள்.

"ஒண்ணையும் மூணையும் மாத்து," என்றேன். "ஊள கூடவே போனா வால்வு. அங்கயே நின்னா எடம்."

மூன்றும் ஒரே ரகம், இடம் மாற்றினால் ஒன்றும் ஆகாது என்று போனில் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். மறுபடி அணைத்து ஆற வைத்ததும், வெளியிலிருந்தே உருவுகிறதுதானே என்று மகளை மாற்றவிட்டேன். சுவிட்சைப் போட்டோம். அவை சிவக்கும் வரை மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் அடுப்பில் பால் பொங்கப் பார்க்கிறவர்கள் மாதிரி குந்தியிருந்தோம். வால்யூம். இன்னும். முழுசாக.

லேசான ஒரு இஸ்ஸ். நல்ல பெட்டிக்கெல்லாம் இருப்பது. அவ்வளவுதான்.

முதல் இடத்தில் இப்போது நல்ல வால்வு. ஊசியால் தட்டினேன், டொக். கெட்டது மூன்றாவது இடத்தில். தட்டினேன். தூரத்தில் எங்கோ மணி அடித்த மாதிரி மெல்லிசாக ஒன்று, உடனே அடங்கியது. ஊளையைக் காணோம். எனக்குச் சட்டென்று புரிந்தது, புரிந்ததும் கத்தியேவிட்டேன். முதல் வால்வில் பிறக்கிற சத்தத்தை மற்ற எல்லாம் வரிசையாகப் பெருக்கும். மூன்றாவதில் பிறப்பதைப் பெருக்க அதற்குப் பின்னால் பெரிய இரண்டைத் தவிர ஆளே இல்லை. அதே கெட்ட வால்வு, ஆனால் கடைசியில் உட்கார்ந்தால் அது பாட்டுக்கு வேலை செய்கிறது. புதுசு வாங்கவே வேண்டாம்!

மகள் கிடாரை உறையிலிருந்து உருவிக் கம்பியை அழுத்தி ஒரு இழு இழுத்தாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வாசலில் பேச்சு நின்றது. இடத்தைக் குற்றம் சொன்னவர் எட்டிப் பார்த்து, என் கை ஏன் முதுகில் கட்டியிருக்கிறது என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "வூட்ல பேசிப் பாத்தேன், கேக்கல, கட்டிப் போட்டுட்டேன்" என்றார். மகள் வாசித்துக்கொண்டே இருந்தாள். அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பெட்டியை மேடைக்கு அவரே தலையில் சுமந்து போனார், ஒரு ஆட்டம் இல்லாமல், முட்டைத் தட்டைத் தூக்கிப் போகிறவர் மாதிரி. பாய் வந்து குனிந்து காதை ஒட்டி வைத்தார். வால்யூமைத் தானே ஏற்றினார். நிமிர்ந்து ஸ்பீக்கர் ஒயர் செருகியிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தார். அப்புறம் மகளிடம், வாசி என்று தலையசைத்தார். முதல் பாட்டின் ஆரம்பத்து வரிசையை வாசித்தாள். அவர் தன் கீபோர்டுக்குப் போய் ஏதோ பட்டனை அணைத்தார். அது கிடார்ச் சத்தம் வைத்திருந்த பட்டன் என்று மகள் பிறகு சொன்னாள்.

கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேடைக்குப் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் வலையூசியோடு நின்றிருந்தேன். எல்லோரும் பாட்டைக் கேட்டார்கள், நான் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளைக் கேட்டேன். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. மூன்றாவது பாட்டில் அவள் தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது முன்வரிசை நாற்காலியில் இருந்த ஊர்ப் பெரியவர்களை மேடைத் துணி ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒருவர் தொடையில் தாளம் போட்டார். இன்னொருவர் போடவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. பிளெக்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் ஒருத்தி தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். மகள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெயம மீஞ்சூர்ல ஒரு ரிசப்ஷன் கீது. பாப்பாவ அனுப்புவீங்களா? பொட்டியோட."

மகள் சுருட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தாள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு.

"அந்த மண்டபத்துல எர்த் ஒழுங்கா இருக்குதா பாய்?"

"அம்மா" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

பாய் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்று என் காதால் கேட்க.